சீரீஸ் பின்வாங்கிய தை மாதம்

எங்கள் வீட்டில் ஆள் எண்ணும்போதெல்லாம் என்னை விட்டுவிடுவார்கள். வில்வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறோம் என்று மாமா எண்ணுவார். நான் யார் மடியிலாவது உட்கார்ந்துகொள்வேன் என்பதால் கணக்கில் வரமாட்டேன். பந்தியில் இலை எண்ணுவார்கள். அம்மா இலையில் கைபோட்டுத் தின்றுகொள்வேன் என்று எனக்கு இலை கிடையாது. எட்டு வயதாகிவிட்டது, ஒரு தனி இலைக்கு வழியில்லை. கேட்டால் சிரிப்பீர்கள், என் சித்தியின் கல்யாண நாள் விஷயத்தில் நடந்த அத்தனை கூத்துக்கும் என்னுடைய இந்த மனக்குறைதான் காரணம்.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அப்பாவுக்குக் கொழும்பில் கடை. அதனால் அம்மாவும் நானும் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் மாமா வீட்டில் இருந்தோம். மாமா, அம்மாவுக்கு அண்ணன். தாத்தா போனபிறகு வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான். வீட்டுக்குள் புலி, வெளியாட்கள் முன்னால் சத்தம் எழும்பாது. அம்மாவுக்கு ஒரு தங்கை, என் சித்தி. அவள் திருவனந்தபுரத்தில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பொம்பளைப் பிள்ளை அதுவும் கணக்கும் பௌதிகமும் படித்து என்ன செய்யப்போகிறாள் என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. சித்தி யாருக்கும் பதில் சொல்லமாட்டாள், சிரித்துவிட்டுப் போவாள். அந்தச் சிரிப்பில்தான் எல்லாருக்கும் எரிச்சல்.

ஆவணியிலேயே அவளுக்குப் பக்கத்து ஊரான கொட்டாரத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். கால்வாய் மராமத்தில் ஓவர்சியர். மாப்பிள்ளையைச் சித்திக்குப் பிடித்திருந்தது. அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்; பிடித்திருந்தது. சிக்கல் மாப்பிள்ளையின் அம்மாவால் வந்தது. புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாக நின்று அத்தனை வயலையும் கட்டிக்காத்தவள். தை கடைசியில் கல்யாணம் நடந்தாக வேண்டும், மாசியில் கும்பப்பூ அறுப்புக்கு வீட்டில் மருமகள் நிற்க வேண்டும் என்று அவள் சொல்லியனுப்பியிருந்தாள். சித்திக்குப் பரீட்சை பங்குனியில். கல்யாணம் கழிந்தால் காலேஜுக்கு அனுப்பமாட்டேன் என்பதையும் அந்த அம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். ஆக, தையில் கல்யாணம் என்றால் மூன்று வருஷப் படிப்பும் கிணற்றில் போட்ட கல்.

பொங்கலுக்கு வந்திருந்த சித்தி மாமாவின் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள்.

“அண்ணா, நான் வேற ஒண்ணும் கேக்கல்ல. ரெண்டு மாசம் தள்ளிவச்சா போதும். பரீட்சையை எழுதிட்டு நீங்க சொல்லுத இடத்துல வந்து உக்காருதேன்.”

“நான் பேசுதேன் பிள்ளே. நான் பேசாம யாரு பேசப்போறா?” என்று மாமா மீசையைத் தடவினார். அவர் மீசையைத் தடவினால் பேசமாட்டார் என்பது எனக்கே தெரியும்.

நாள் குறிக்க அவர்கள் வருவதற்கு முந்தின நாள், அடுக்களையில் முந்திரிக்கொத்துக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தார்கள். வறுத்த சிறுபயறும் கருப்பட்டிப் பாகும் சேர்ந்த அந்த மணத்துக்கு நான் இடத்தை விட்டு நகரவில்லை. என் கை சட்டிக்குள் போகாமலிருக்க, சித்தி கதை சொன்னாள். மாவு உருண்டைகளைத் தரையில் விரித்த வாழையிலையில் வரிசையாக வைத்தாள். இது சூரியன், இது புதன், இது வெள்ளி, இது நாம், இது செவ்வாய். அதற்கப்புறம் ஒரு பெரிய இடைவெளி விட்டு வியாழன்.

இந்த இடைவெளி ரொம்பக் காலமாகப் படித்தவர்களை உறுத்திக்கொண்டே இருந்ததாம். இவ்வளவு இடம் சும்மாவா கிடக்கும் என்று தேடித் தேடிக் கடைசியில் ஒரு குட்டிக் கோளைக் கண்டுபிடித்தார்களாம். அதன் பெயர் சீரீஸ். சித்தி ஒரே ஒரு வறுத்த பயறை எடுத்துச் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் வைத்தாள். முதலில் அதையும் கோள் என்று மற்றவற்றோடு சேர்த்து எண்ணினார்களாம். பிறகு அதே இடைவெளியில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று, இன்னொன்று என்று அகப்பட்டுக்கொண்டே போகவும், இதெல்லாம் பொடிசு என்று சீரீஸையும் எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்களாம்.

எனக்கு வந்ததே கோபம்!

“சேத்து எண்ணினதை எப்பிடி எடுக்கலாம்? சின்னதுன்னா சுத்தாதா?”

“சுத்துதே. நாலரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆவும், சூரியனை ஒரு சுத்து சுத்திவர. யாரு எண்ணினா என்ன, எண்ணாட்டா என்ன, அது பாட்டுக்குச் சுத்துது மக்கா.”

போன வாரம்தான் காலேஜிலிருந்து தொலைநோக்கி உள்ள இடத்துக்குக் கூட்டிப்போய் அதைக் காட்டினார்களாம். பார்த்தால் நட்சத்திரத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாதாம், வெறும் ஒரு புள்ளி. சில நாள் கழித்துப் பார்த்தால் மட்டும் இடம் மாறியிருக்குமாம். நான் அந்தப் பயறை யாரும் தின்றுவிடாமல் கடைசிவரை காவல் காத்தேன். பிறகு நானே தின்றேன்.

மறுநாள் காலையில் கொட்டாரத்திலிருந்து வண்டி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா நல்ல உயரம். காதில் பாம்படம் ஆட அவள் உள்ளே வந்தபோது மாமா தானாக ஓரடி பின்னால் நகர்ந்தார். கூடவே அவளுடைய ஜோசியர். ஆடு மாடு வாங்குவதானாலும் நாள் பார்க்காமல் வாங்கமாட்டாள் அந்த அம்மா. முன்பு கிணறு வெட்டி உப்புத்தண்ணீர் வந்ததற்கு, பழைய ஜோசியர் ராகுவைப் பார்க்க மறந்ததுதான் காரணம் என்று அவரை மாற்றிவிட்டு இவரை வைத்திருந்தாள். இந்தக் கதை இவருக்கும் தெரியும். பாவம், பஞ்சாங்கத்தைப் பிரிக்கும்போதே அவருக்கு நெற்றியில் வியர்வை.

காப்பியும் முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் உப்பேரியும் ஆனது. மாமா தொண்டையைச் செருமினார்.

“பிள்ளைக்குப் பங்குனியில பரீட்சைன்னு சொல்லுதா…”

“பரீட்சை அடுத்த வருசமும் நடக்கும் தம்பி. வெளஞ்ச கதிரு நமக்காவ நிக்குமா?” என்றாள் அந்த அம்மா.

“அதுவும் சரிதான்” என்றார் மாமா. அவ்வளவுதான், பேசி முடித்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற சித்தி கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். அவள் முகம் அப்படி வாடி நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஜோசியர் விரல்களை மடக்கி, உதட்டுக்குள் முணுமுணுத்து, தை கடைசியில் ஒரு முகூர்த்தத்தைப் பிடித்துவிட்டார். “பாத்துட்டேன் அம்மா. ஒம்பது கிரகமும் தோதா நிக்கு. ஒண்ணையும் விடல்ல” என்றார்.

ஒன்றையும் விடவில்லையாமே! எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. பெரியவர்கள் பேசும் இடத்தில் வாய் திறக்கக்கூடாது என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

“விட்டுட்டீங்க! செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. சீரீஸு. அதை ஆருமே எண்ணல்ல!”

மாமா என்னைப் பார்த்த பார்வையில் நான் அம்மாவின் முந்தானைக்குள் போனேன். “ஏட்டி, உள்ள போ. அறுந்த வாலு” என்றார். ஜோசியர் சிரித்தார், மாமாவும் சேர்ந்து சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“புள்ளை என்னமோ சொல்லுதே. அப்பிடி ஒண்ணு உண்டுமா?”

“அதெல்லாம் வெள்ளைக்காரன் சாஸ்திரம் அம்மா. நம்ம கணக்குல சேராது.”

“நான் சேருமான்னா கேட்டேன்? உண்டுமா இல்லியா?”

ஜோசியர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார், கூரை மோட்டைப் பார்த்தார். உண்டு என்றால் இத்தனை நாள் ஏன் பார்க்கவில்லை என்று வரும். இல்லை என்று சொல்லி, நாளைக்கு இருக்கிறது என்றாகிவிட்டால் கிணற்று ஜோசியர் கதிதான். “ஒனக்கு ஆரு மக்கா சொன்னா?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டாள். நான் கதவைக் காட்டினேன்.

நாள் குறிக்கிற இடத்தில் கல்யாணப்பெண்ணைக் கூப்பிட்டு விசாரணை வைத்த அதிசயம் நாஞ்சில்நாட்டிலேயே எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும். சித்தி வந்து தூணோரம் நின்றாள். தலை குனிந்துதான் இருந்தது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வகுப்பில் சொல்வதுபோல வந்தது.

“உண்டு அத்தே. ஆனா அது ஒரு கல்லு. உருண்டையான பெரிய கல்லு. அதனால ஆருக்கும் ஒரு கெடுதலும் வராது.”

“கல்லுன்னா சும்மாவா? கோயில்ல நிக்கதும் கல்லுதான்” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

இதற்குமேல் சும்மா இருந்தால் மரியாதை போய்விடும் என்று ஜோசியருக்குப் பட்டிருக்க வேண்டும். சாட்சியை விசாரிக்கிற வக்கீல்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். அளவு என்ன என்றார். அகலம் ஏறக்குறைய இங்கிருந்து மெட்ராசுக்குப் போகிற தூரம், நம் சந்திரனின் குறுக்களவில் கால்வாசிப் பக்கம் வரும் என்றாள் சித்தி. நிறம் என்ன என்றார். கரிந்த கல் மாதிரி, வெளிச்சத்தை அதிகம் திருப்பித் தராது என்றாள். காற்று கிடையாது, இழுப்புச் சக்தி ரொம்பக் குறைவு, ஒரு கோட்டை நெல்லை அங்கே கொண்டுபோனால் ஒரு மரக்கால் கனம்கூட இருக்காது. கோட்டை என்றால் இருபத்தொரு மரக்கால். மாப்பிள்ளையின் அம்மா இதைக் கேட்டு வாயில் கைவைத்தாள். அவள் வாழ்க்கையில் நெல் கனமில்லாமல் போகிற இடம் ஒன்று உண்டு என்று யாரும் சொன்னதில்லை.

“இப்ப எந்த ராசியில நிக்கு?” என்று ஜோசியர் கேட்டார். இதில் பிள்ளை மாட்டிக்கொள்ளும் என்று அவருக்கு நம்பிக்கை.

“கடகத்துல. போன வாரம்தான் பாத்தேன்.”

“கண்ணாலயா?”

“தொலைநோக்கி வச்சு. இப்ப பின்னால போயிட்டிருக்கு.”

ஜோசியரின் கை பஞ்சாங்கத்தின்மேல் அப்படியே நின்றுவிட்டது. “வக்கிரமா!” என்றார். கோள் பின்னால் நடந்தால் ஜோசியத்தில் அதற்கு வக்கிரம் என்று பெயர், நல்ல காரியத்துக்கு ஆகாது.

“நெசமாவே பின்னால போகல்ல” என்று சித்தி அவசரமாகச் சொன்னாள். “நாம பஸ்ஸுல போறோம். முன்னால ஒரு காளைவண்டி நாம போற பக்கமே போவுது. பஸ்ஸு அதை முந்துகப்ப வண்டி பின்னால போற மாதிரி தோணும்லா? அதே மாதிரிதான். பூமி உள்வட்டத்துல வேகமா போவுது, அது வெளிவட்டத்துல மெதுவா போவுது. நாம அதை முந்துதோம், அவ்வளவுதான்.”

பஸ்ஸும் காளைவண்டியும் யார் காதில் விழுந்தது? பின்னால் போகிறது என்பது மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது.

“எப்ப நேரா திரும்பும்?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

“பங்குனி பொறந்த பெறவு, அத்தே.”

“அதுக்கு அந்தப் பேரு என்னத்துக்கு இட்டான் வெள்ளைக்காரன்?”

சித்தி ஒரு கணம் தயங்கினாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்து ஓடியதை நான் மட்டும்தான் கண்டிருப்பேன். “ரோமாபுரிக்காரங்களுக்கு அந்தப் பேருல ஒரு தெய்வம் உண்டு அத்தே. வெளச்சலுக்கும் தானியத்துக்கும் உள்ள அம்மன்.”

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

“எம்மாடி! நெல்லுக்கு உடையவ பின்னால போய்க்கிட்டு இருக்கா. அறுப்பை முன்னால வச்சிக்கிட்டு நான் கல்யாணம் நடத்தவா? ஓய் ஜோசியரே, இதையா விட்டுட்டு நாள் குறிச்சேரு?”

“நான் சொல்ல வாயெடுத்தேன் அம்மா. அதுக்குள்ள பிள்ளை சொல்லிட்டுது” என்றார் ஜோசியர். மனுஷன் நல்ல சாமர்த்தியசாலி.

“அது ஒண்ணும் செய்யாது அத்தே” என்று சித்தி மறுபடியும் சொன்னாள். அவள் உண்மையைத் தவிர வேறு ஒரு சொல் சொல்லவில்லை என்பதற்கு நான் சாட்சி. அந்த அம்மா கேட்கவேண்டுமே!

“நீ படிச்ச புள்ளை, ஒனக்கு பயம் இல்ல. எனக்கு வயலு இருக்கு. வைகாசியில பாரும் ஓய். அவ நேரா திரும்பி, நல்லா நடந்து வரட்டும்.”

வைகாசியில் ஒரு நல்ல நாள் அகப்பட்டது. ஜோசியர் இந்த முறை பத்து கிரகத்தையும் பார்த்துவிட்டதாகச் சொன்னார். என்னைப் பார்த்துத் தலையும் ஆட்டினார்.

அந்த வைகாசியில் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. பரீட்சை முடிவு வந்தபோது, என் மருமகள் பி.எஸ்ஸி. என்று கொட்டாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது வேறு யாருமில்லை, அந்த மாமியார்தான். பிறகு சித்தி அங்கேயே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சியானாள். கும்பப்பூ அறுப்புக் காலத்தில் மாமியாரே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அவளை வேலைக்கு அனுப்பினாள். இதெல்லாம் பின்னால் வந்த கதை. நாள் குறித்த அன்று சாயங்காலம் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் ஒரு கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்பது மட்டும்தான்.

அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள். வண்டி தெரு திரும்பியதும் மாமா என் காதைப் பிடித்துத் திருகினார். “ஒரு நல்ல காரியத்தை நாலு மாசம் தள்ளிவச்சிட்டியேட்டி, பாவி” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான்கு மாதத்தில் என்னென்ன ஆகும், மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறினால் என்ன ஆகும் என்று அவளாகவே கற்பனை செய்து அவளாகவே அழுதாள். சித்தியைத் தேடிக்கொண்டு போனேன்.

அவள் நெல் பத்தாயம் இருக்கும் இருட்டறையில் இருந்தாள். பத்தாயத்தின் பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். சித்தி அழுது நான் பார்த்ததே கிடையாது. தாத்தா செத்தபோதுகூட அவள் எல்லாரையும் தேற்றிக்கொண்டு நின்றவள்.

“அழாத சித்தி” என்று அவள் காலைக் கட்டிக்கொண்டேன். “நாலு மாசம் ஓடியே போயிரும். நான் நாளையிலேருந்து பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுதேன். அந்தக் கோளை வேகமா ஓடவைக்கச் சொல்லுதேன். சீக்கிரம் கல்யாணம் வந்துரும்.”

சித்தி என்னை வாரி எடுத்தாள். எட்டு வயதுப் பெண்ணை யாராவது தூக்குவார்களா? தூக்கினாள். முகமெல்லாம் கண்ணீர், அதற்குள் சிரிப்பு, மூக்கும் சேர்ந்து ஒழுகுகிறது. என் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“வேண்டாம் மக்கா. நீ ஒண்ணும் சொல்லாத. அது மெதுவாவே போகட்டும்.”

பிடித்த மாப்பிள்ளை; கல்யாணமோ தள்ளிப்போய்விட்டது; அதற்கு விம்மி விம்மி அழவும் செய்கிறாள். பிறகு ஏன் மெதுவாகப் போகச் சொல்கிறாள்? நான் யோசித்துப் பார்த்து, என் கால் வலிக்குமே என்று பெருந்தன்மையாகச் சொல்கிறாள் என்று முடிவு செய்தேன். அவள் அப்படித்தான், தனக்கென்று எதுவும் கேட்கமாட்டாள்.

மறுநாள் சித்தியைத் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த கையோடு பிள்ளையார் முன்னால் போய் நின்றேன். காதைப் பிடித்துக்கொண்டு, சீரீஸைச் சீக்கிரம் ஓடவிடு சாமி என்று தோப்புக்கரணம் போட்டேன். மாசி முழுக்கப் போட்டேன், பங்குனியிலும் விடவில்லை. மேற்கே திருவனந்தபுரத்தில், விடுதி அறையில் சித்தி புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நாள், இன்னும் கொஞ்சம் நாள் என்று உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கு எங்கே தெரியும்? ஒரே கோளைப் பிடித்து நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். அது எங்கள் இருவர் பேச்சையும் கேட்காமல் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.